மரத்தைச் சுற்றி வந்த வீடு

2024 மே 6, திங்கள்.

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 'எங்கள் வீட்டுக்குள் ஒரு தென்னை மரம் நிற்கிறது' என்று எழுதியிருந்தேன். அப்படியல்ல. மரம்தான் முதலில் நின்றது. வீடு பிறகு அதைச் சுற்றி வந்தது. ஊரின் கதையை எழுதப் போகிறவள், எது முந்தியது எது பிந்தியது என்பதிலேயே பிழை விடக் கூடாது.

இதை எழுதிவிட்டு றிஸ்மினா பேனையை மூடினாள். பிறகு திறந்து கடைசி வரியை மறுபடி வாசித்தாள். கொஞ்சம் பெரிய மனிசி பேசுகிற மாதிரி இருக்கிறதோ என்று தோன்றியது. அடிக்கவும் மனம் வரவில்லை, அப்படியே விடவும் மனம் வரவில்லை. கடைசியில் விட்டுவிட்டாள்.

பிழையோடு தொடங்குவது மாலை வகுப்பில் ஸஜீத் சேர் போட்ட சட்டம். நாட்குறிப்பு எழுத உட்காருகிறவர், முதல் நாள் எழுதியதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மேலே எழுதலாம். 'பிழை இல்லை' என்று எழுதியவர்களுக்கு 'அதுதான் பிழை' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுப்பார். மற்றவர்கள் ஒரு ளகர லகரத்தைப் பிடித்துக் காட்டித் தப்பிக்கொண்டார்கள். றிஸ்மினாவால் அது முடியவில்லை. அவள் பகலில் சந்தியிலுள்ள போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறவள். பிறருடைய தாள்களை வரிசைப்படுத்தி, விளிம்பைத் தட்டி நேராக்கி, ஊசி குத்திக் கொடுத்துப் பழகிய கை. ஒரு பக்கம் கோணலாக விழுந்தால், வாங்கியவர் கவனிக்காமல் போனாலும் அவளுக்கு மனது உறுத்தும்.

சந்தியில் ஒரு வாசிகசாலை கட்டி முடிந்திருந்தது. அதன் சுவரில் ஊரின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறார்கள். அதை யார் எழுதுவது என்று சேர் கேட்டபோது, வகுப்பு முழுதும் றிஸ்மினாவைத் திரும்பிப் பார்த்தது. ஊரைத் தொடக்கி வைத்தவர் அவளுடைய வாப்பா லத்தீப் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் சனம் உடுத்த துணியோடு வந்து கற்பிட்டி வீதியில் இறங்கியபோது, முந்தலில் இருந்த நெய்னார் ஹாஜியார் வீதியோரத்துத் தன் தென்னந்தோட்டத்தின் படலையைத் திறந்து விட்டார். அவர் வைத்தது ஒரேயொரு நிபந்தனை. மண்ணில் இருக்கலாம், மரம் அவருடையது. மன்னாரில் கூட்டுறவுக் கடை மனேஜராக இருந்த லத்தீப் எல்லாருடைய சார்பிலும் ஹாஜியாரின் கையைப் பிடித்து, மரங்கள் அமானிதம் என்று ஏற்றுக்கொண்டார். அமானிதம் என்றால் பிறத்தியார் பொருள். காத்து, கேட்ட நேரத்தில் குறைவில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டியது.

அன்றைக்குத் தென்னை வரிசைகளுக்கு இடையில் கிடுகுக் குடிசைகள் எழும்பின. கிடுகு போய் மண் சுவர் வந்தது. மண் போய்க் கல் வந்தது. தகரம் வந்தது, ஓடு வந்தது. மரம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. அதனால் ஊரின் ஒழுங்கைகள் மரங்கள் விட்ட வழியில்தான் ஓடும். கலியாண வீட்டுக்கு அலுமாரி வாங்கினால், அதை எந்தக் கதவால் கொண்டுபோவது என்று யாரும் கேட்பதில்லை. எந்த மரத்தைச் சுற்றிக் கொண்டுபோவது என்றுதான் கேட்பார்கள். பேக்கரியில் பாண் சுடுகிற போறணைக்குப் பக்கத்தில் ஒரு மரம். போன் கடையின் நடுவில் ஒன்று. அதில் கலண்டர் தொங்கும், ஆனால் கயிற்றால் கட்டித்தான். அமானிதத்தில் ஆணி அடிக்கக் கூடாது. ஹாஜியார் வீட்டு லொறி வந்து தேங்காய் பறித்துக்கொண்டு போகும். காற்றில் விழுகிற தேங்காயைக்கூட யாரும் எடுப்பதில்லை. சுவரோரம் அடுக்கி வைப்பார்கள். தென்னைக்குக் கீழே படுத்துறங்கி எழும்பி, கறிக்குத் தேங்காய் வாங்கக் கடைக்குப் போகிற ஊர் உலகத்தில் வேறு இருக்குமோ தெரியாது.

றிஸ்மினாவின் முதல் பிரதியில் இதெல்லாம் இருந்தது. அவளுக்கு அதில் மிகவும் பிடித்தது ஒரு சம்பவம். ஊர் உண்டான தொடக்கத்தில் ஒருமுறை லொறி நீண்ட நாள் வரவில்லை. விழுந்த தேங்காய்கள் சுவரோரம் கிடந்து முளைவிட்டன. பிள்ளைகளுக்குப் பால் மா இல்லாத காலம். அப்படியிருந்தும் ஒரு கை தொடவில்லை. முளையோடு அடுக்கி வைத்த தேங்காயை லொறிக்காரன் வந்து பார்த்து வாயைப் பிளந்தானாம். ஊரில் நடக்கிற எல்லாக் கூட்டத்திலும் யாராவது இதைச் சொல்லாமல் உட்காருவதில்லை.

அந்தப் பிரதியின் கடைசி வரியை ஸஜீத் சேர் கோடிட்டிருந்தார். 'ஹாஜியார் குடும்பம் நிலத்தை எங்களுக்கு எழுதித் தரவில்லை' என்ற வரி. பக்கத்தில், 'ஏன்? கேட்டீர்களா?' என்று இருந்தது.

கேட்கவில்லை. கேட்டவரும் இல்லை. காணி உறுதிப் பத்திரம் இல்லாததால் யாரும் மேல்மாடி கட்டுவதில்லை, வங்கியில் கடன் எடுப்பதில்லை. வாக்கு இன்னும் மன்னாரில். தேர்தல் வந்தால் லத்தீப் வெள்ளைச் சாரம் உடுத்து பஸ் ஏறிப் போய் வாக்குப் போட்டுவிட்டு வருவார். றிஸ்மினா பிறந்தது இங்கே, படித்தது இங்கே. ஊர் எது என்று கேட்டால் மன்னார் என்றுதான் சொல்லப் பழக்கியிருந்தார்கள். அங்கே அவள் போனது இரண்டு மூன்று தடவை. வாப்பா கைகாட்டிய இடத்தில் முள்ளுக் காடுதான் தெரிந்தது. இங்கே பஸ் கொண்டக்டர் இன்னும் "முகாம், முகாம் இறங்கு" என்றுதான் கூப்பிடுகிறான்.

அவர்களுடைய வீட்டு மரம் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றது. கூரையில் அதற்கென்று ஒரு ஓட்டை. மரம் காற்றில் ஆடும் என்பதால் ஓட்டை மரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் மழை உள்ளே வரும். அதற்காக லொறி டியூபை வெட்டி மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரிக் கட்டி, ஓரத்துக்குத் தார் பூசுவார்கள். ஊரெல்லாம் அப்படித்தான். லத்தீபுக்கு முழங்கால் விட்டுப்போன பிறகு, ஒவ்வொரு வருஷமும் கச்சான் காற்று எழும்பும் முன் ஏணி வைத்து ஏறி அந்த வேலையைச் செய்வது றிஸ்மினா. அவளுடைய அண்ணன், ஸப்ரான் நானா, கட்டாரில்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கூரையில் நின்று பழைய டியூபை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது தேங்காய் லொறி வந்தது. பறிக்கிற பஸ்தியான் முந்தல் பக்கத்து ஆள். மற்றத் தோட்டங்களில் குலையை வெட்டிக் கீழே போடுவான். இந்த ஊரில் மட்டும் ஓட்டுக்குச் சேதம் வராமல், குலையைக் கயிற்றில் கட்டிக் குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்குவான். அதனால் இந்த ஊருக்கு வருகிற நாளில் அவன் முகத்தில் சிரிப்பு இருக்காது.

அவன் கூரைக்கு ஏறி வந்து மரத்தில் கை வைத்தான். கத்தியைத் திருப்பிப் பின்பக்கத்தால் தட்டினான். இன்னும் கொஞ்சம் கீழே தட்டினான். பிறகு ஏணியால் இறங்கிப் போய்விட்டான்.

முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த லத்தீப் நிமிர்ந்து பார்த்தார். "என்ன பஸ்தியான், வயசு போயிட்டா?"

"எனக்குப் போகல்ல மனேஜர். மரத்துக்குத்தான் போயிட்டு. நான் ஏற மாட்டேன்."

"நேத்து வரைக்கும் ஏறின மரம்."

"நேத்து வரைக்கும் இருந்த மரம். குசினிக்குள்ள போய்க் காத வச்சுப் பாருங்க. சிவப்பு வண்டு உள்ளுக்கு இருந்து சப்புறது கேக்கும்."

றிஸ்மினா போய்க் காதை வைத்தாள். முதலில் அவளுடைய இரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. மூச்சைப் பிடித்தபோது மற்றதும் கேட்டது. காய்ந்த றஸ்க்கை யாரோ மெல்லக் கடித்துக்கொண்டிருப்பது போல, நிறுத்தாமல்.

"கச்சான் எழும்பினா முறியும்" என்றான் பஸ்தியான். "எந்தப் பக்கம் விழும் எண்டு என்னக் கேக்காதீங்க. உள்ளுக்கு நிக்கிற மரம், எந்தப் பக்கம் விழுந்தாலும் உள்ளுக்குத்தான்."

"அப்ப வெட்டணும்" என்றாள் றிஸ்மினா.

"ஹாஜியார்ட மரம்" என்றார் லத்தீப். "நான் கை வைக்க ஏலாது."

"ஹாஜியார் மவுத்தாகி எவ்வளவு காலம் வாப்பா."

"அமானிதம் மவுத்தாகாது."

குசினி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த றிஸ்மினாவின் தாய் றஹ்மத் உம்மா தலையை நிமிர்த்தவில்லை. "ஓம். அது மவுத்தாகாது. நாங்க மவுத்தாகலாம்."

"முந்தலுக்குப் போய் ஹாஜியார்ட மகளிட்ட ஒரு சொல்லு கேட்டா என்ன?" என்று றிஸ்மினா கேட்டாள்.

லத்தீப் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "கைநீட்டி வந்த சனம் எண்டு ஒருத்தனும் எங்களச் சொன்னதில்ல. அவங்களிட்ட நாங்க ஒண்டும் கேட்டதில்ல. இனியும் கேக்கிறல்ல." அவர் ஒழுங்கையால் பள்ளிவாசல் பக்கம் நடந்தார். பஸ்தியான் றஹ்மத் உம்மாவைப் பார்த்தான். "ராத்தா, அடுப்பயாவது வெளியில எடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் கூரைக்குப் போனான்.

அன்றைக்கும் அடுத்த நாளும் றிஸ்மினா வீட்டை அளந்து அளந்து பார்த்தாள். மரம் முன்பக்கம் விழுந்தால் வாப்பாவின் கட்டில். பின்பக்கம் விழுந்தால் கிணறு. வடக்கே விழுந்தால் உம்மாவும் அவளும் படுக்கிற அறை. பாயை விறாந்தைக்கு மாற்றலாம், அதற்கு மேலே அடுத்த வீட்டு மரம். யாராவது உறவு வீட்டுக்குப் போகலாம், அங்கேயும் ஒரு மரம். ஊரைச் சுற்றி வந்து பார்த்தாலும், மரத்துக்குக் கீழே இல்லாத ஒரு பாயளவு இடம் பள்ளிவாசலில் மட்டும்தான் இருந்தது. அங்கே பெண்கள் படுக்க முடியாது.

புதன்கிழமை பின்னேரம் முதல் காற்று வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, உப்புக் களப்புப் பக்கமிருந்து சேற்று மணத்தோடு ஒரு தள்ளல். புது டியூபும் மரமும் உரசி முனகின. உம்மா சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தபோது, மரத்திலிருந்து உமி மாதிரி ஏதோ பொலபொலவென்று சோற்றுக்குள் விழுந்தது. உம்மா அதைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைப் பரிமாறினாள். மூவரும் சாப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை றிஸ்மினா கடையில் லீவு சொல்லிவிட்டு, வகுப்புக்காக ஒரு வேலை என்று வீட்டில் சொல்லி பஸ் ஏறினாள். பொய் இல்லை. ஸஜீத் சேர் எழுதிய கேள்வி கைப்பையில் இருந்தது. ஆனால் உண்மையும் இல்லை. பாலாவியில் இறங்கி முந்தல் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தாள். பஸ் வந்து அவளுடைய யோசனையை முடித்து வைத்தது.

ஹாஜியாரின் மகள் நபீலா, வீட்டுக்குப் பின்னால் கொப்பரை காயப் போட்டிருந்த பாயைக் காகங்களிடமிருந்து காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது தாண்டிய பெண். கையில் ஒரு ஈர்க்கில் கட்டு.

"யார்ட மகள்?"

"லத்தீப் மனேஜர்ட, மாமி. தோட்டத்து ஊர்ல இருந்து."

நபீலாவின் கை காகத்தை விரட்டப் பாதி உயர்ந்து அப்படியே நின்றது. "வாப்பா அனுப்பினாரா?"

"இல்ல. வாப்பாக்குத் தெரியாது."

"அப்ப ஒண்டும் மாறல்ல" என்று ஈர்க்கிலைக் கீழே போட்டாள். "இரு மகள். பிளேன்டீ ஊத்தவா?"

தேநீர் வந்தது. றிஸ்மினா முதலில் மரத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தாள். ஆனால் எழுதிக் கொண்டுவந்த கேள்வியை எடுத்து, அதில் இருந்தபடியே வாசித்தாள். ஹாஜியார் ஏன் நிலத்தை எழுதித் தரவில்லை?

"ஆர் சொன்ன, தரல்ல எண்டு?"

றிஸ்மினா தாளைத் திரும்ப ஒருமுறை பார்த்தாள்.

"நீங்க வந்து ரெண்டு வருஷத்தால என்ட வாப்பா உங்கட வீட்டுக்கே வந்தாரு" என்றாள் நபீலா. "அப்ப குடிசை. அந்த மரத்தடியிலதான் உங்கட உம்மா பாய் போட்டுக் குடுத்தாங்களாம். மண்ணையும் மரத்தையும் சேத்து எழுதித் தாறன், சனத்துக்குப் பிரிச்சுக் குடுங்க மனேஜர் எண்டு கேட்டாரு. உங்கட வாப்பா என்ன சொன்ன தெரியுமா? 'ஹாஜியார், எங்கள இங்க கட்டிப் போட்டுடாதீங்க. அடுத்த நோன்புக்கு நாங்க ஊர்ல நிப்போம்.'"

ஒரு காகம் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு போனது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாப்பா அதோட விடல்ல. மனேஜர் அப்பிடிச் சொன்னாலும் சனத்துக்கு வேற மனசு இருக்கலாம் எண்டு, லொறிய அனுப்பாம நிப்பாட்டினாரு. தேங்காய எடுத்துத் திண்டாங்க எண்டா, மண்ணுல மனசு ஊண்டிட்டு எண்டு அர்த்தம். பிறகு திரும்பவும் போய்க் கேப்போம் எண்டு இருந்தாரு. நீங்க என்ன செஞ்சீங்க? முளைவிட்ட தேங்காயக்கூட அடுக்கி வச்சிருந்தீங்க." நபீலா சிரித்தாள். அதில் கேலி இல்லை. "விழுந்த தேங்காயையே தொடாத சனம். இது போகப் போற சனம், நாம மறிக்கக் கூடாது எண்டு சொல்லிட்டு, பிறகு அந்தக் கதையே எடுக்கல்ல."

றிஸ்மினாவுக்குக் கையிலிருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவளுடைய பிரதியின் மிக அழகான பந்தி அது. ஊரே மார் தட்டிச் சொல்கிற கதை. அந்தத் தேங்காய்களை ஒருத்தியாவது உடைத்துத் துருவியிருந்தால், தெருவெல்லாம் வேறு விதமாக ஓடியிருக்கும்.

"மாமி" என்றாள். பிறகு மரத்தையும் வண்டையும் காற்றையும் சொன்னாள். "அத வெட்டச் சொல்லி ஒரு சொல்லு தந்தாப் போதும்."

நபீலா ஒரு கொப்பரையைத் திருப்பிப் போட்டாள். "தந்திருப்பேன் மகள். ஆனா தம்பிமார் ரெண்டு பேர் இருக்காங்க. நான் தனிய ஒரு மரம் குடுத்தா நாளைக்கு நூறு கேள்வி. வாப்பா மவுத்தாக முந்தி எங்க எல்லாரையும் வச்சு வஸிய்யத்துச் சொன்னாரு. லத்தீப் வந்து கேட்டா, மண்ணெண்டாலும் சரி மரமெண்டாலும் சரி, அண்டைக்கே குடுங்க. கேக்காதவனுக்குக் கொண்டுபோய்க் குடுத்து அவன்ட மனச நோவடிக்காதீங்க எண்டு. அவரிட வாயால வந்தா தம்பிமார் மூச்சு விட மாட்டாங்க. வேற வாயால வந்தா என்னால ஏலாது."

"வாப்பா கேக்க மாட்டாரு, மாமி."

"தெரியும். அவர் கேக்கட்டும் எண்டுதான் நாங்களும் காத்துக்கொண்டு இருக்கிறோம்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. றிஸ்மினா வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. சுவரில் கண்ணாடிக்குள் இதை எழுதினால், போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று வாசிப்பார்கள். மேல்மாடி கட்ட முடியாதவன், மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுக்க முடியாதவள், கூரை ஓட்டைக்குத் தார் பூசிப் பூசிக் கை கறுத்தவர்கள். அத்தனை பேரும் லத்தீப் மனேஜர் வீட்டு வாசலுக்கு வருவார்கள். எழுதாமல் விட்டால், பொய்யைத் தன் கையெழுத்தில் சுவரில் தொங்கவிட்டவள் ஆவாள். யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தால், மரம் தானாக முடிவு எடுக்கும். கொண்டக்டர் "முகாம் இறங்கு" என்று கத்தியபோது அவள் இறங்கும் இடத்தைத் தவறவிட இருந்தாள்.

அஸர் தொழுதுவிட்டு வந்த லத்தீப், குசினியில் மரத்துக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் உட்கார வேண்டாம் என்று செவ்வாய்க்கிழமையிலிருந்து சொல்லியாயிற்று. அதனால்தான் அங்கே உட்கார்ந்தார்.

றிஸ்மினா நின்றபடியே சொன்னாள். முந்தலுக்குப் போனதையும், நபீலா சொன்னதையும், வஸிய்யத்தையும், கேட்ட வரிசைப்படி, ஒன்றையும் கூட்டாமல். வாப்பா இடைமறித்தால் மறுபடி தொடங்கத் துணிவு வராது என்ற பயத்தில் வேகமாகச் சொன்னாள்.

லத்தீப் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நான் செஞ்சது சரி" என்றார். "அண்டைக்கு எழுதி எடுத்திருந்தா, இடம் கிடைச்ச சனம் எண்டு சொல்லி மன்னார்ப் பதிவில எங்கட பேர வெட்டியிருப்பாங்க. மன்னார்ல உங்களுக்கு என்ன இருக்கு எண்டு கேட்டிருப்பாங்க."

"இப்ப என்ன இருக்கு வாப்பா?"

"கிணறு இருக்கு. காட்டுக்குள்ள. கட்டுக் கிணறு."

"ஊருக்கு ஏன் சொல்லல்ல? எல்லாருக்கும் சேத்து வந்த சொல்லுதானே."

"சொல்லியிருந்தா பாதிப் பேர் ஓம் எண்டிருப்பாங்க. பாதி இங்க, பாதி அங்க எண்டு சனம் உடைஞ்சிருக்கும். நான் ஒரு ஊரக் கூட்டிக்கொண்டு வந்தேன் மகள். ஒரு ஊராத்தான் திருப்பிக் கொண்டுபோகணும்."

அடுப்பில் கிடந்த தணலைக் கிளறியபடி றஹ்மத் உம்மா சொன்னாள். "கொண்டுபோங்க. மன்னாருக்குப் போற மனிசன். இந்த மரத்தச் சுத்தி வரவே இவ்வளவு காலம் எடுத்திருக்கு."

"உனக்கு அண்டைக்கே தெரியும்தானே" என்று லத்தீப் அவளைப் பார்த்தார். "நீதானே பாய் போட்ட."

"பாயும் போட்டன், தேத்தண்ணியும் வச்சன். கதைய நீங்கதான் கதைச்ச. என்னட்ட ஆர் கேட்ட? ஒவ்வொரு நோன்புக்கும் சாமானக் கட்டி வச்சிட்டு, பெருநாளைக்குத் திரும்ப அவிழ்த்தன். ஒரு கறிவேப்பில மரம் நட்டிருப்பேனா இந்த முத்தத்தில? பாருங்க."

முற்றத்தில் ஒன்றும் இல்லை. லத்தீப் பார்க்கவும் இல்லை.

"உங்களுக்கு மன்னார் இருக்கு வாப்பா" என்றாள் றிஸ்மினா. "காடெண்டாலும் இருக்கு. எனக்கு எது இருக்கு? ஊர் எதெண்டு கேட்டா, நான் பாத்திராத கிணத்தத்தான் சொல்லுறன்."

காற்று வந்தது. நேற்றையதைவிடப் பெரிய காற்று. கூரையில் டியூப் இழுபட்டு முனகியது. மரத்தின் அடியில், மூன்று பேருடைய காலடியிலும், சீமெந்துத் தரை ஒருமுறை மெல்ல அசைந்த மாதிரி இருந்தது. மேலிருந்து உமி கொட்டியது. லத்தீப் தேநீர்க் கோப்பையின் வாயைக் கையால் மூடினார். காற்று போன பிறகும் கையை எடுக்காமல் வைத்திருந்தார். அவருடைய புறங்கையில் மரத்தூள் மஞ்சளாகப் படிந்திருந்தது. அதைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரத்தக் கேப்பேன்" என்றார் கடைசியில். "உன்ட உம்மா கிடக்கிற இடத்தில விழக் கூடாது. அதுக்காக. மண்ணக் கேக்க மாட்டேன்."

"முதல்ல மரத்தக் கேளுங்க" என்றாள் றஹ்மத் உம்மா. "கேட்டுப் பழகாத வாய். ஒண்டக் கேட்டா மத்ததும் தானா வரும்."

"வராது."

"சரி, வராட்டிப் போகட்டும். சேட்ட எடுத்துத் தாங்க, ஸ்திரிக்கை போடணும். கசங்கின சேட்டோட போய் அந்த மனிசி முன்னால நிக்க ஏலுமா?"

லத்தீப் எழும்பி அறைக்குள் போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. வாக்குப் போடப் போகும்போது மட்டும் உடுக்கிற வெள்ளைச் சேட்டை அவர் தன் கையாலேயே எடுத்து வந்து கதிரையின் முதுகில் போட்டுவிட்டு மஃரிபுக்குப் போனார். மாலை வகுப்புக்கு நேரமாகியிருந்தது. றிஸ்மினா போகவில்லை. விறாந்தையில், அடுத்த வீட்டு மரத்துக்குக் கீழே உட்கார்ந்து எழுதினாள்.

2024 மே 9, வியாழன்.

நேற்று வரை எழுதியதில் ஒரு பிழை. நிலம் எங்களுக்குத் தரப்படவில்லை என்று எழுதியிருந்தேன். தரப்பட்டது. நாங்கள் எடுக்கவில்லை. 'நாங்கள்' என்பதும் பிழையாக இருக்கலாம், ஏனென்றால் எங்களில் பலரிடம் யாரும் கேட்கவில்லை. முளைவிட்ட தேங்காய்கள் பற்றிய பந்தியை அடிக்கவில்லை. அது நடந்ததுதான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதைச் சுவருக்குக் கொடுப்பதா என்று இன்னும் தெரியவில்லை. வாப்பா முந்தலில் எதைக் கேட்பார், எதைக் கேட்காமல் விடுவார் என்று தெரியாமல் எழுதினால் அதுவும் பிழையாகும்.

நாளை வெள்ளி. காலை எழும்பியதும் அடுப்பை முற்றத்துக்கு மாற்ற வேண்டும். முதல் பஸ்ஸில் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு முந்தலுக்குப் போக வேண்டும். பாலாவியில் பஸ் மாற வேண்டும். அவருக்கு முழங்கால் ஏலாது, முன் சீற்றில் இருத்த வேண்டும். ஜும்ஆவுக்கு முன் திரும்பி வர வேண்டும்.